முப்பத்தொன்றாம் பக்கம்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியை யோசித்து எழுதவில்லை. தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று, குட்டைப் பென்சிலால், பத்து நொடியில் கிறுக்கியது. இதே நோட்டில், முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது:

'திங்கள். மாலை 5.10. வி.டி. சொன்னது: கீழே மஞ்சல் புகை, நம்ம ஆட்கள், அதனால் போடவில்லை.'

'மஞ்சல்' என்பது எழுத்துப் பிழை. எனக்கே தெரிகிறது. திருத்த மாட்டேன். திருத்தினால் அந்த வரி திங்கட்கிழமை எழுதியதாக இருக்காது, இன்று எழுதியதாகிவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்பதேகால். பதினொன்றுக்கு விங் கமாண்டரின் அறையில் விசாரணை. வி.டி. என்றால் சார்ஜன்ட் வில்ஃப் டின்ஸ்டேல், விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்துக் குண்டுக்குக் குறிபார்க்கிறவன், வயது இருபத்திரண்டு. அவனுக்கு முத்திரை குத்துவதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். 'மன உறுதி போதாமை' என்பது முத்திரையில் இருக்கும் சொல். விமானத் தளத்துப் பையன்கள் யாரும் அதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மூன்று சொல்லுக்கும் முதலெழுத்தை மட்டும் எண்ணி 'மூணெழுத்து' என்பார்கள். குத்தப்பட்டவனின் மார்பிலிருந்து சிறகுச் சின்னத்தையும் கையிலிருந்து பட்டைகளையும் பிடுங்கி, கோழை என்ற காகிதத்தோடு எங்கேயாவது கக்கூஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள். போர் முடிந்த பிறகும் அந்தக் காகிதம் கூடவே வரும்.

விசாரணைக்குத் தேநீர் கொண்டுபோகிறவள் இந்தக் கதையில் இருக்கிறாள். அவளுக்கு மேவிஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் ஒவ்வொரு வரியிலும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. 'அவள்' என்றால் திட்டலாம்.

வேறு நோட்டு கிடையாது, காகிதத் தட்டுப்பாடு. ஆகவே கதையையும் இதிலேயே எழுதுகிறேன். பன்னிரண்டு பக்கம் மீதி இருக்கிறது.

2

தொடக்கங்கள்.

அ) 'ஆகஸ்ட் மாதத்து நீலவானில் வெள்ளிப் பறவைகளாய்' — எங்கள் விமானங்கள் வெள்ளி அல்ல. அடிவயிறு கறுப்பு, முதுகு சேறு. ஆறு டன் இரும்பை வயிற்றில் சுமந்துகொண்டு பறக்கும் பறவையை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

ஆ) 'வில்ஃப் டின்ஸ்டேல் கோழை அல்ல.' — 'இந்தப் பால் கெட்டுப்போகவில்லை' என்று சொல்லிக் கொடுத்தால் யார் குடிப்பார்கள்? அடித்துவிட்டேன்.

இ) 'பிரான்சில் முன்னேறிக்கொண்டிருந்த நம் தரைப்படைக்கு உதவியாக எண்ணூறு விமானங்கள் திங்கட்கிழமை பகலில்' — இது செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. எண்ணூறு சரி. உதவி என்ற சொல்லைத்தான்

(இந்த இடத்தில் உருளைக்கிழங்கு சீவக் கூப்பிட்டார்கள். சீவிவிட்டு வந்து பார்த்தால் வாக்கியத்தை எப்படி முடிக்க இருந்தேன் என்று மறந்துவிட்டது. அப்படியே கிடக்கட்டும்.)

3

எங்கள் ஸ்கெல்பி தளத்தில் ஒரு கேள்வி அறை உண்டு. திரும்பி வந்த விமானத்தின் ஏழு பேரும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். எதிரே உளவுப்பிரிவு அதிகாரி பார்ஜிட்டர் படிவத்தை விரித்து வைத்திருப்பார். எங்கே போட்டீர்கள், எத்தனை மணிக்கு, என்ன தெரிந்தது. போருக்கு முன்னால் லத்தீன் வாத்தியாராக இருந்தவர். இன்னமும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா வைத்திருக்கிறார். அவர்களுக்குப் பின்னால் நின்று மேவிஸ் தேநீரில் ரம் கலந்து ஊற்றுவாள். தேநீர் ஊற்றுகிற பெண்ணும் தேநீர்ப் பாத்திரமும் ஒன்றுதான். இரண்டுக்கும் காது உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

திங்கட்கிழமை மாலை அறையில் ஒரே கும்மாளம். பகல் வேலை, பக்கத்துப் பிரான்ஸ், நாலு மணி நேரத்தில் வீடு.*

* (பிரான்சுக்குப் போய்வந்தால் அதை மூன்றில் ஒரு பங்கு பயணம் என்று கணக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. முப்பது முழுப் பயணம் முடித்தவனுக்கு ஓய்வு. பயணம்தான் மூன்றில் ஒரு பங்கு, செத்தவர்கள் முழுசாகவே செத்தார்கள். பிறகு அந்த விதியை மாற்றிவிட்டார்கள்.)

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்றார் பார்ஜிட்டர், படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பதில் சொல்ல வேண்டியவன் விமானி மெர்வ் டிரான்டர். குவீன்ஸ்லாந்துக் கரும்புக் காட்டில் வளர்ந்தவன், தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். அன்றைக்கு ஒரு சிகரெட்டுக்கு மூன்று தீக்குச்சி செலவழித்தான்.

"போடல சார்," என்றான் வில்ஃப்.

"எது போடல?"

"எதுவுமே போடல. வர்ற வழியில கடல்ல கொட்டிட்டோம்."

பேனா நின்றது. "பொத்தான் சிக்கிக்கிச்சா?"

"இல்ல சார். பொத்தான் நல்லாத்தான் இருக்கு."

"யோசிச்சுச் சொல்லு தம்பி. பழைய விமானம். ஈரம் கோத்தா சிக்கும். எத்தனையோ பேருக்குச் சிக்கியிருக்கு."

(இந்தக் கதையில் பார்ஜிட்டரை வில்லனாக்க எனக்கு ஆசை. இந்த இடம் இடிக்கிறது. அவர் கதவைத் திறந்துவைத்து, இந்தப் பக்கமாக ஓடிப் போ என்று சொல்கிறார். மேவிஸும் மனதுக்குள் 'ஆமான்னு சொல்லித் தொலையேன்டா' என்று கெஞ்சினாள்.)

"சிக்கல சார். கீழ மஞ்சள் புகை வந்துச்சு. ஆப்பிள் தோப்புக்கு இந்தப் பக்கம், சந்துல. லாரிங்க நின்னுச்சு, மேல வெள்ளை நட்சத்திரம். ஒருத்தன் ஏதோ துணிய வீசி வீசி ஆட்டினான். நம்ம ஆளுங்க சார்."

"இன்னைக்குக் குறியே மஞ்சள்தானேப்பா. மஞ்சள் வெளிச்சத்து மேல போடுன்னு ரேடியோவுல சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"உனக்கு முன்னால போனவங்க?"

"போட்டாங்க. பதினஞ்சு விமானம் இருக்கும்."

"ஆக, பதினஞ்சு விமானத்துல இருந்தவங்களுக்குத் தெரியாதது உன் ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருச்சு."

"அவங்க போடப் போட, கீழ இருக்கறவங்க இன்னும் இன்னும் மஞ்சளாக் கொளுத்தறாங்க சார். எதிரியா இருந்தா எதுக்கு சார் அடி விழுற இடத்துல நின்னு, இங்க இருக்கேன் இங்க இருக்கேன்னு புகை போடுவான்?"

பார்ஜிட்டர் எதுவும் எழுதவில்லை. விமானியின் பக்கம் திரும்பினார். "நீ என்ன பார்த்த?"

"ரெண்டு தடவ சுத்தினேன் சார்," என்றான் மெர்வ். "மொதத் தடவ இவன் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினேன். ரெண்டாவது தடவ நானும் எட்டிப் பார்த்தேன். தூசி. அதுக்குள்ள மஞ்சளா எதுவோ. எது எதுன்னு சத்தியமாத் தெரியல. ஆனா இவன் கண்ணு என் கண்ணைவிட நல்ல கண்ணு. அதான் வீட்டுக்குத் திருப்பிட்டேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு துப்பாக்கிக்காரன் குரல் கொடுத்தான்: "ஏன்டா டின்ஸ்டேல், மஞ்சள் கீழ இருந்துச்சா, மேலயே இருந்துச்சா?"

அறையே சிரித்தது. எங்கள் பக்கத்தில் பயந்தாங்கொள்ளியை மஞ்சள் என்பார்கள்.

ஆக, அன்றைக்கு அந்த ஒரு நிறத்துக்கு மூன்று பொருள். தரைப்படையின் விதிப்புத்தகத்தில் மஞ்சள் புகை என்றால் 'நாங்கள் இருக்கிறோம், அடிக்காதே'. எங்கள் விமானப்படைக்கு அன்று காலை வந்த உத்தரவில் மஞ்சள் என்றால் 'இங்கே அடி'. இரண்டு காகிதமும் பிழையில்லாமல் தட்டச்சு செய்யப்பட்டவை. இரண்டையும் ஒரே ஆள் படிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது பொருளைச் சொல்லிச் சிரிக்க எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் மேவிஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு அந்த வரியை எழுதினாள். தளத்தில் நாட்குறிப்பு எழுதுவது குற்றம். அகப்பட்டால் சிறை. அவள் எதற்காக எழுதினாள் என்று கேட்காதீர்கள். வாயால் சொல்ல வராதவர்கள் எழுதிவைக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு சீக்கு.

4

செவ்வாய்க்கிழமை, பறக்கிறவர்களின் பட்டியலில் வில்ஃப்பின் பெயர் இல்லை.

புதன்கிழமை காலை, தரைப்படையிலிருந்து தகவல் வந்தது. தோப்புக்கு இந்தப் பக்கத்துச் சந்தில் இருந்தவர்கள் நம்மவர்கள்தான். எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள்.

(இங்கே கொஞ்சம் இடம் விடுகிறேன். வில்ஃப் சொன்னது சரியாகிவிட்டது, இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் நிம்மதியடைய. மேவிஸும் அடைந்தாள். அரை நாள்.)

புதன்கிழமை பகல் மெர்வின் விமானம் மறுபடி கிளம்பியது. வில்ஃப் படுக்க வேண்டிய இடத்தில் வேறொருத்தன் படுத்துக்கொண்டு போனான். தளத்துக்கு வந்து இரண்டு நாள் ஆன புதுப்பையன், மேவிஸுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. ஐந்து மணிக்கு அவர்கள் மேசையில் ஏழு கோப்பை எடுத்து வைத்தாள். ஆறரைக்கு அந்த ஏழையும் கழுவ அவசியமில்லாமலே அலமாரியில் அடுக்கினாள். கடலுக்கு மேலே தீப்பிடித்து விழுந்ததை இன்னொரு விமானத்துக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பாராசூட் குடை எதுவும் விரியவில்லை.

கோழை என்று சொல்லித் தரையில் நிறுத்தியதால் வில்ஃப் உயிரோடு இருக்கிறான். அவனோடு பறந்து, அவன் சொன்னதைக் கேட்ட ஆறு சாட்சிகள் கடலில்.

வியாழக்கிழமை பார்ஜிட்டரின் அறைக்குத் தேநீர் கொண்டுபோனபோது மேசைமேல் புதிதாகத் தட்டச்சு செய்த படிவம் கிடந்தது. தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது தேநீர் ஊற்றுகிறவர்களுக்குத் தானாக வந்துவிடும் வித்தை. 'கீழே எதுவும் தெளிவாகத் தென்படவில்லை. குறிபார்ப்பவரின் பதற்றத்தால் குண்டுகள் போடப்படவில்லை.'

மேவிஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தைப் பதிமூன்று வயதில் விட்டவளுக்கே புரிந்தது என்றால் உங்களுக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். மஞ்சள் புகை ஒருத்தன் கண்ணுக்குத் தெரிந்தது என்றால் மற்ற பதினைந்து பேர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோவில் 'மஞ்சள்மேல் போடு' என்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உத்தரவு போட்டவர்கள் அந்த இன்னொரு புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். எவ்வளவு பேருக்குச் சங்கடம்! ஒருத்தன் எதையும் பார்க்கவில்லை, சும்மா பயந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் தூசியின் குற்றமாகிவிடுகிறது. தூசியை யாரும் விசாரிக்க முடியாது.

5

வியாழக்கிழமை காலைச் சாப்பாடு. இந்தக் காட்சியை மூன்று முறை எழுதினேன்.

பறக்கிறவர்களுக்கு நிஜ முட்டை, தரையில் இருப்பவர்களுக்குத் தூள் முட்டை. அதுதான் சட்டம். வில்ஃப் வரிசையில் வந்து தட்டை நீட்டினான். பரிமாறிக்கொண்டிருந்தது சமையலறைக்குத் தலைவியான கார்ப்பரல் ஃப்ளோ. தளத்தில் பாதிப்பேருக்கு அவள் அக்கா.

"எனக்குத் தூள்தான் அக்கா."

"சட்டம் எனக்கே சொல்லித் தர்றியா? நீட்டு தட்டை." நல்ல முட்டையாக ஒன்றை எடுத்துப் போட்டு, அதன்மேல் ரொட்டியைக் கவிழ்த்தாள். "மூடிக்கிட்டுத் தின்னு கண்ணு. எவனாச்சும் கேட்டா கோழி தப்புப் பண்ணிருச்சுன்னு சொல்லிக்கறேன்."

அவன் போய் உட்கார்ந்த மேசையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வேலை வந்துவிட்டது. ஒருவன் சாஸ் எடுக்கப் போனான், திரும்பவில்லை. இன்னொருவன் அவனைத் தேடப் போனான். மேவிஸ் தட்டு எடுக்கப் போனபோது வில்ஃப் தனியாக இருந்தான். ரொட்டி கவிழ்த்தபடியே இருந்தது.

"திங்கட்கிழமை நீ அந்த ரூம்ல இருந்தேல்ல?" என்றான்.

"இருந்தேன் சார்ஜன்ட்."

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

முதல் முறை எழுதியபோது மேவிஸ், "கேட்டுச்சு, எழுதிகூட வச்சிருக்கேன்," என்றாள். நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வெறுமனே, "கேட்டுச்சு," என்றாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் முறைதான் நடந்ததை எழுதினேன்.

"ஒரே சத்தமா இருந்துச்சு சார்ஜன்ட்."

"ஆமா," என்றான். "சத்தமாத்தான் இருந்துச்சு."

எழுந்து, தன் தட்டைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தான்.

6

இப்போது மணி பத்து ஐந்து. இது நாற்பதாம் பக்கம்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அகப்பட்டால் சிறை என்ற பயம்தானே? இருக்கிறது. ஆனால் அது மட்டுமாக இருந்தால் மேவிஸை ஒரு தள்ளு தள்ளி அனுப்பிவிடுவேன், கதைதானே. இடைஞ்சல் வேறு. அது பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஜூலை மாதம், ஜெர்மனிக்குப் போய்வந்த ஒரு நாள்:

'வி.டி. கை நடுங்குகிறது. கோப்பை கடகட. சிந்தாமல் இருக்க அரைக் கோப்பை ஊற்றினேன்.'

பதினேழிலும் இருக்கிறது. இருபத்தாறிலும் இருக்கிறது. எப்போதும் அரைக் கோப்பை.

அவனைக் காப்பாற்றுகிற நோட்டும் அவனைக் காட்டிக்கொடுக்கிற நோட்டும் ஒன்று. உண்மையை மட்டும் எழுதிவைத்ததன் பலன். ஒரு பக்கத்தை நம்பு என்று சொன்னால் மற்றப் பக்கங்களையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தொன்றை மட்டும் பிடுங்கலாமே? இது நடுவில் நூல் கோத்துத் தைத்த நாற்பத்துநான்கு பக்க நோட்டு. மேவிஸ் இன்று காலை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்றை இழுத்தால் நூலுக்கு அந்தப் புறம் பதினான்காம் பக்கம் அசைகிறது. இரண்டும் ஒரே தாள்.

வில்ஃப்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது கதை ஆகாது, மனு ஆகிவிடும். அவன் பயந்திருந்தானா? பயந்துதான் இருந்தான். இருபத்தேழு முறை போய்வந்தவன், முதல் பயணத்திலிருந்தே பயந்திருக்கலாம். அப்படியானால் மஞ்சளைப் பார்த்ததால் பொத்தானை அமுக்கவில்லையா, பொத்தானை அமுக்க முடியாததால் மஞ்சளைப் பார்த்தானா? இரண்டு நாளாக இதை உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தோப்புக்கு இந்தப் பக்கத்துச் சந்தில் நம்மவர்கள் இருந்தார்கள். பயந்தவனுக்குக் கண் தெரியாது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அன்றைக்குப் பயமில்லாத பதினைந்து பேர் சரியான நேரத்துக்குப் பொத்தானை அமுக்கினார்கள்.

இன்னொன்று. இதை எழுத எழுதச் சாட்சியம் கெட்டுக்கொண்டே வருகிறது. நேற்றுவரை இது ஒரு சமையலறைப் பெண்ணின் திருட்டு நாட்குறிப்பு. இன்று காலையிலிருந்து கதை எழுதுகிறவளின் நோட்டு. பெயரை மாற்றுகிறாள், ஒரே காட்சியை மூன்று விதமாக எழுதுகிறாள், இவள் எழுதிய முப்பத்தொன்றாம் பக்கத்தை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்பேன்.

(நிறுத்திவிடலாமே என்றால், முடியவில்லை.)

7

முடிவு ஒன்று. மேவிஸ் தட்டை வைத்துவிட்டு, நாப்கினுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைக்கிறாள்.

"என்னம்மா இது?" என்கிறார் விங் கமாண்டர்.

"நோட்டு சார்."

"அது தெரியுது. யாரோடது?"

"என்னோடது சார். முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க."

பார்க்கிறார். பிறகு, கையில் நோட்டு கிடைத்த எந்த மனிதரும் செய்வதைச் செய்கிறார். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிறார். ஒன்பதாம் பக்கத்தில் கிடைக்கிறது: 'விங் கமாண்டருக்கு மூன்று சர்க்கரை. எல்லோருக்கும் ஒன்றுதான் என்று உத்தரவு போட்டவர் அவர்.' அவருடைய காது சிவக்கிறது. இன்னும் இருக்குமோ என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். பதினான்காம் பக்கத்தில் நிற்கிறார். பதினேழு. இருபத்தாறு.

"ரொம்ப நன்றிம்மா," என்கிறார். "நாங்க தேடிட்டு இருந்த சாட்சி இதுதான்."

மேவிஸின் இரண்டு பக்கமும் காவலர்கள் வந்து நிற்கிறார்கள். வில்ஃப் அவளைத் திரும்பிப் பார்க்கிறான்.

"அரைக் கோப்பையா ஊத்தின?" என்கிறான். "நீ ரம்ம மிச்சம் புடிக்கறேன்னுல்ல நெனச்சேன்."

முடிவு இரண்டு. மேவிஸ் சமையலறைக் கத்தரிக்கோலால் தாளை நடுவில் வெட்டி, முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் கொண்டுபோகிறாள். பார்ஜிட்டர் அதை வாங்கிப் படிக்கிறார். படித்ததும், பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து 'மஞ்சல்' என்பதை 'மஞ்சள்' என்று திருத்துகிறார். திருத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று பார்க்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள்.

"வெட்டின காகிதம்," என்கிறார் விங் கமாண்டர். "மேல உங்க கையெழுத்து வேற. இது எப்ப எழுதினது பார்ஜிட்டர், நேத்தா?"

பார்ஜிட்டர் வாயைத் திறக்கிறார். 'இல்ல சார், அவன் சொன்னான், நான் கேட்டேன்' என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரு முறை அவனுக்குக் கதவைத் திறந்துவைத்த மனிதர்தானே. அப்படிச் சொல்லவைத்து எழுதிப் பார்த்தேன். நான்கு வரி. படித்தபோது எனக்கே அழுகை வந்தது, அதனால் அடித்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தால்தான் அவர் சொல்வார் என்றால், அவர் சொல்ல மாட்டார்.

"தெரியலை சார்," என்கிறார் பார்ஜிட்டர்.

8

நாற்பத்துநான்காம் பக்கம். இதற்கு மேல் அட்டைதான்.

மணி பத்து ஐம்பது. ஃப்ளோ அக்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். "ஏய் புள்ள, மேவிஸ்! தண்ணி கொதிச்சு ஆவியாப் போகுது, அங்க என்னடி குந்திட்டு இருக்க?" (கூப்பிட்டது வேறு பெயரை.) இங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக விங் கமாண்டரின் கொட்டகை தெரிகிறது. வில்ஃப் வாசலில் நிற்கிறான். தொப்பியை வாங்கிவைத்துக்கொண்டார்கள். மார்பில் இருக்கும் சிறகுக்கு அடியில் நகத்தை விட்டு, தையலை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருக்கிறான். ஹாலிஃபாக்ஸில் கம்பள ஆலையில் தறி ஓட்டியவன். பிடுங்கும்போது துணி கிழியக் கூடாது என்று பார்க்கிறான்.

மூன்றாவது முடிவுக்குப் பக்கம் இல்லை என்று சொல்லலாம். பொய். பொடியாக எழுதினால் இடம் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிடத்தில் மேவிஸ் தட்டைத் தூக்க வேண்டும். நோட்டு நாப்கினுக்கு அடியில் போகலாம். இந்தத் தேயிலைப் பெட்டிக்கு அடியில், எப்போதும் இருக்கும் இடத்துக்கே போகலாம்.

ஆனால் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நோட்டு எங்கிருந்தோ உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எலி அரித்த தேயிலைப் பெட்டிக்கு அடியில் கிடந்ததா, ஒரு விசாரணைக் கோப்புக்குள் எண் போட்டுத் தைத்திருந்ததா?

சொல்லுங்கள், எங்கே எடுத்தீர்கள்?